முற்கால இடைக்கால வரலாற்றில் ஆய்வுப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஏ. முடிக்கும் மாணவர்களும், வேறு துறையிலிருந்து வரலாற்றுப் பக்கம் வர ஆசைப்படுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் தென்னிந்தியாவை, அதிலும் தமிழ்க் கல்வெட்டுகளை, மனதில் வைத்துச் சொன்னவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

முற்கால இடைக்காலம்னா எந்தக் காலம்? சோழர் காலம் இதுல வருமா?

இந்திய வரலாற்றில் ஏறத்தாழ கி.பி. 600 முதல் 1200 அல்லது 1300 வரையிலான காலத்தை இப்படிச் சொல்கிறார்கள். தமிழகத்தில் பல்லவரும் பாண்டியரும் தலையெடுக்கும் 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, சோழர் ஆட்சி முடிவுக்கு வரும் 1279 வரை என்று வைத்துக்கொள்ளலாம். சோழர் காலம் முழுக்க இதற்குள் அடக்கம்.

அரசர்கள் மாறினார்கள் என்பதற்காக மட்டும் இதைத் தனிக் காலமாகப் பிரிக்கவில்லை. பிரமதேயங்கள் (பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்கள்) பெருகுகின்றன, கோயில் நிலமும் பொன்னும் கால்நடையும் வைத்திருக்கும் நிறுவனமாக வளர்கிறது, ஊர், சபை, நாடு, நகரம் என்ற உள்ளூர் மன்றங்கள் கல்லில் பேசத் தொடங்குகின்றன. ஒரு எச்சரிக்கை: சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் உதவித்தொகைகள் 6-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய தமிழை மையமாகக் கொண்டவை. சோழர் காலத் தலைப்போடு அங்கே விண்ணப்பித்தால் எல்லைக்கு வெளியே நிற்பீர்கள்.

ஆய்வுப் பணியும் பிஎச்.டி.யும் ஒண்ணுதானா?

பிஎச்.டி. ஒரு பட்டம். ஆய்வுப் பணி என்பது அதற்கு முன்னும் பின்னும் நடுவிலும் வரும். உதவித்தொகையோடு முழுநேர ஆய்வாளராக இருப்பது, ஒரு திட்டத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்வது, பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு போஸ்ட்டாக், கல்லூரி உதவிப் பேராசிரியர் பணி, தொல்லியல் துறையில் கல்வெட்டாய்வாளர் பணி என்று பல வகை உண்டு.

இவற்றில் பலரும் குறைத்து மதிப்பிடுவது திட்ட உதவியாளர் வேலையை. சம்பளம் பெரிதில்லை, ஒப்பந்தமும் குறுகியது. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடத்தில் ஓராண்டு உட்கார்ந்து மைப்படிகளையும் (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படிகள்) சுவடிகளையும் கையாண்ட மாணவர், பிஎச்.டி. நேர்காணலில் பேசும் விதமே வேறு. சட்டென்று பிஎச்.டி.யில் குதிப்பதைவிட இது நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

நான் தமிழ் எம்.ஏ., என் ஃபிரெண்டு இன்ஜினியரிங். நாங்க வரலாமா?

தமிழ் எம்.ஏ.வுக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை இருக்கிறது. யாப்பும் பழந்தமிழ் இலக்கணமும் படித்தவருக்கு மெய்க்கீர்த்திகள் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி) வரலாற்று மாணவரைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

பொறியியல் படித்தவர் முதலில் வரலாற்றிலோ தொல்லியலிலோ ஒரு முதுகலைப் பட்டம் பெறுவது நல்லது. வேலையை விட முடியாதவர்கள் அஞ்சல்வழியில் இக்னோவில் எம்.ஏ. வரலாறு படிக்கலாம். தமிழ்நாடு தொல்லியல் துறையின் நிறுவனம் நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பையும் பாருங்கள். அங்கே தொல்லியலும் கல்வெட்டியலும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.யில் சேர முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு பெற்றவர் நேரடியாகவும் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம்.

நெட் எழுதாம முடியாதா?

நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு இல்லாமலும் சேர முடியும். சொந்த நுழைவுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆனால் உதவித்தொகை இல்லாமல் ஐந்து ஆண்டு ஓட்டுவது எப்படி என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நெட் வழியாக ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இந்த அளவு நடைமுறையில் இருக்கிறது. வீட்டு வாடகைப் படி தனி. பொதுப் பிரிவினருக்கு ஜேஆர்எஃப் வயது வரம்பு 30. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு.

வரலாற்றுப் பாட வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதை நினைத்தே பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பாடம் தெரிந்தவருக்குக் கேள்வி ஆங்கிலம் ஒரு பெரிய மலையே இல்லை. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் சில மாதத்தில் பழகிவிடும். நெட் கைகூடாவிட்டால் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித்தொகை இருக்கிறது, தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. இரண்டின் அறிவிப்புகளையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

எனக்குத்தான் தமிழ் தெரியுமே, அப்ப கல்வெட்டு தானா படிக்க வரும்தானே?

வராது. இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் தெரிந்துகொண்டால் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி, ஒகரமும் ஓகாரமும் ஒரே மாதிரி. ரகரமும் காலும் (ா) ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. நடுவே வடசொல் வந்தால் கிரந்த எழுத்துக்கு மாறிவிடும். பாண்டி நாட்டுப் பழைய கல்வெட்டு என்றால் வட்டெழுத்து. வேலி, மா, காணி, முந்திரி என்று நில அளவுப் பின்னங்களுக்குத் தனிக் குறிகள். இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தால்தான் வாக்கியமே தொடங்குகிறது.

எழுத்து தெரிந்தும் பொருள் தவறிப்போவதும் உண்டு. நந்தா விளக்குக் (அணையாமல் எரியும் விளக்கு) கொடைகளில் ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு’ என்று வரும். சாகாத, கிழடாகாத ஆடு எது என்று மாணவர்கள் திகைக்கிறார்கள். செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்து, மந்தையின் எண்ணிக்கையை 96-லேயே வைத்திருக்க வேண்டிய பொறுப்பு இடையருடையது என்பதுதான் ஏற்பாடு. அதற்கு ஈடாக அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஒரு வரிக்குள் கால்நடை வளர்ப்பு, கோயிலின் கணக்கு, ஒரு தொழிற்குடியின் கடமை மூன்றும் இருக்கின்றன. ஆங்கிலச் சுருக்கத்தில் ‘விளக்குக்கு ஆடு கொடை’ என்று மட்டும் படித்தவருக்கு இது எதுவும் கிடைக்காது.

ஆகவே சேர்வதற்கு முன்பே தினம் ஒரு கல்வெட்டு என்று பாடத்தை வாய்விட்டுப் படியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தெளிவானவை, தொடங்க ஏற்ற இடம். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் மொழிபெயர்ப்போடு இருக்கின்றன.

சமஸ்கிருதம் கட்டாயமா?

தலைப்பைப் பொறுத்தது. ஊர், நிலம், வரி, தொழிற்குடிகள் என்றால் கிரந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். அரச மரபு, செப்பேடு, சமய வரலாறு என்றால் கட்டாயம். வேள்விக்குடிச் செப்பேட்டில் சமஸ்கிருதப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உண்டு. பாண்டியர் தம்மைப் பற்றி இரு மொழியிலும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் படித்துவிட்டு ஆய்வு எழுதுவது பாதிச் சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பு சொல்வதுதான்.

எல்லாக் கல்வெட்டும் புக்கா வந்துடுச்சே, கோயிலுக்கு எதுக்குப் போகணும்?

வரவில்லை. 1887 முதல் மத்திய அரசின் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கை வெளியிட்டு வருகிறது. அதில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் சில வரி ஆங்கிலச் சுருக்கம்தான் இருக்கும். 1890-இல் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில் முழுப் பாடம் கிடைக்கும். ஆனாலும் பின்வந்த தொகுதிகளில் பெரும்பாலும் பாடம் மட்டும்தான், மொழிபெயர்ப்பு இல்லை. படியெடுத்தும் முழுப் பாடம் அச்சேறாதவை ஏராளம். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நீண்ட காலம் மைசூருவில் இருந்தன; அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உங்களுக்கு வேண்டிய படி எங்கே இருக்கிறது என்று கடிதம் எழுதி உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

கோயிலுக்குப் போக இன்னொரு காரணம், கல்வெட்டு எந்தச் சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் சான்றுதான். கருவறையின் அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) இருப்பதும் பின்னால் எழுந்த மண்டபத் தூணில் இருப்பதும் ஒன்றல்ல. தரையை உயர்த்தி அதிட்டானத்தை மூடிவிட்ட கோயில்கள் இருக்கின்றன. மணல் வீச்சில் சுத்தம் செய்து எழுத்தே மழுங்கிப்போன சுவர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு திருப்பணியிலும் ஏதோ ஒன்று போகிறது. இன்று நீங்கள் எடுக்கும் படம் நாளைக்கு ஒரே சான்றாக நிற்கக்கூடும்.

பொண்ணு தனியா ஊர் ஊரா கோயில் சுத்த முடியுமா? வீட்டுல விட மாட்டேங்கறாங்க.

பெண் ஆய்வாளர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். முடிந்தால் இருவராகப் போங்கள், ஒருவர் படிக்க ஒருவர் எழுத வேலையும் வேகமாக நடக்கும். பல்கலைக்கழகக் கடிதத்தோடு முதலில் கோயில் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரின் அனுமதி, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது என்றால் அவர்களின் அனுமதி. நடை சாத்தும் நண்பகலைக் கணக்கில் வைத்துக் காலையிலேயே போய்விடுங்கள். சாய்வாக விழும் காலை வெயிலில் எழுத்தும் நன்றாகத் தெரியும். சிறிய ஊர்களில் அர்ச்சகரும் பூக்கட்டும் அம்மாவும் நம்மை விடத் தகவல் தெரிந்தவர்கள், உட்கார்ந்து பேசுங்கள்.

ராஜராஜ சோழனைத் தலைப்பா எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் ராஜராஜனைப் பற்றி உங்களிடம் உள்ள கேள்வி என்ன என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். ‘ராஜராஜனின் சமூக, பொருளாதார, சமய நிலை’ என்பது பாடப் புத்தகத்தின் அத்தியாயத் தலைப்பு.

ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா 1960-களில் செய்ததைப் பாருங்கள். திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு சிறிய ஊர்களை எடுத்துக்கொண்டார். ஒன்று வேளாண் ஊர், மற்றது பிரமதேயம். நிலத்தை யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று கல்வெட்டு கல்வெட்டாகப் பார்த்தார். அல்லூரில் ஊரார் கூட்டாக நிலம் வைத்திருந்ததும், ஈசானமங்கலத்தில் தனியாள் உடைமை இருந்ததும் தெரிந்தது. இரண்டே ஊர்கள். சோழர் கால நிலவுடைமை பற்றிய விவாதம் முழுவதும் இன்றுவரை அந்தக் கட்டுரையைத் தொட்டுத்தான் போகிறது.

உங்கள் வட்டத்திலேயே ஒரு பழைய நாட்டுப் பிரிவை எடுங்கள். அங்குள்ள ஏழெட்டுக் கோயில்களின் கல்வெட்டுகளை எல்லாம் படியுங்கள். ஏரி யார் கையில் இருந்தது, தறிக்கு வரி யார் கட்டினார்கள், கோயிலுக்கு நிலம் கொடுத்த பெண்கள் யார் என்று கேட்கத் தொடங்குங்கள். பெரிய அரசன் அங்கே தானாக வந்து நிற்பான்.

திட்ட வரைவுல என்ன எழுதினா எடுப்பாங்க?

முதல் பத்தியிலேயே கேள்வி. அடுத்து, அந்தக் கேள்விக்கு இதுவரை யார் என்ன சொன்னார்கள். ஆர்.எஸ். சர்மாவின் நிலமானியக் கருத்து (நிலக்கொடைகளால் மைய அதிகாரம் சிதறியது என்பது), 1980-இல் பர்ட்டன் ஸ்டைன் முன்வைத்த கூறாக்க அரசுக் கோட்பாடு (அதிகாரம் உள்ளூர்க் கூறுகளிடமே இருந்தது என்பது), பி.டி. சட்டோபாத்யாயாவின் மறுப்பு, கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணிக் காட்டிய முடிவுகள், இவற்றில் உங்கள் கேள்வி எதை அசைக்கிறது என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டாம்.

அதன்பின் சான்றுகள். எந்த ஊர், எத்தனை கல்வெட்டு, எந்தத் தொகுதியில் பாடம் இருக்கிறது, எதற்கு மைப்படி பார்க்க வேண்டும் என்ற பட்டியல். தேர்வுக் குழுவில் உட்காருபவர் முதலில் தேடுவது இதைத்தான். பத்துக் கல்வெட்டை ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவரின் வரைவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரே கல்வெட்டுக்கு ரெண்டு புக்குல ரெண்டு காலம் போட்டிருக்கு. எதை நம்பறது?

இரண்டையும் உடனே நம்பாதீர்கள். சோழ அரசர்கள் பரகேசரி, இராசகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள். ‘கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு 5’ என்று மட்டும் இருந்தால் அது விசயாலயனா, முதல் பராந்தகனா, ஆதித்த கரிகாலனா, உத்தம சோழனா என்று சொல்ல முடியாது. நூறாண்டுக்கும் மேலான இடைவெளி அது. ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழி இருந்தால் பராந்தகன், ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்றால் ஆதித்த கரிகாலன். 985-இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன் ‘திருமகள் போல’ என்ற மெய்க்கீர்த்தியைக் கல்லில் பொறிக்கத் தொடங்கிய பிறகுதான் நமக்கு மூச்சு விட முடிகிறது.

அடைமொழி இல்லாதபோது ஆட்சியாண்டின் அளவைப் பாருங்கள். அந்த நூற்றாண்டில் 38-ஆம் ஆண்டு பரகேசரி என்றால் பராந்தகனைத் தவிர வேறு ஆள் இல்லை. சோழ அரசி செம்பியன் மாதேவி போலக் காலம் தெரிந்த ஒருவர் கொடையாளியாக வருகிறாரா, கிழமையும் நட்சத்திரமும் உண்டா, எழுத்தின் வடிவம் என்ன, எந்தச் சுவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கிழமையும் நட்சத்திரமும் இருந்தால் எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் இன்றும் உதவும். இவ்வளவும் செய்தும் முடிவாகவில்லை என்றால் ‘10-ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதுங்கள். துல்லியமில்லாத உண்மையை எழுத ஆய்வேட்டில் இடம் உண்டு.

குடவோலையை உலகின் முதல் ஜனநாயகம்னு எழுதினா தப்பா?

ஆய்வேட்டில் தப்பு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919-உம் 921-உம். 30 குடும்புகளிலிருந்து (ஊரின் பிரிவுகள்) ஓலை எழுதிக் குடத்தில் இட்டு எடுத்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் அமைக்கும் விதிகள் அவை. யார் தகுதியானவர்? வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர், வேத அறிவுடையவர், முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வயதுக்குள், இரண்டாவதில் 35 முதல் 70-க்குள். இது ஒரு பிரமதேயச் சபையின் ஏற்பாடு. அந்த ஊரில் உழுதவரும் நெய்தவரும் பெண்களும் குடத்துக்குள் இல்லை.

இதைச் சொன்னால் பெருமை குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வரக் கூடாது, மூன்றாண்டு இடைவெளி வேண்டும் என்று 1,100 ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிவைத்தார்களே, அந்த நுணுக்கமே வியக்கத்தக்கது. இரண்டே ஆண்டில் விதியை ஏன் மாற்றினார்கள் என்பது இன்னும் நல்ல கேள்வி. அதைக் கேட்பவர்தான் ஆய்வாளர்.

தமிழ்நாட்டுக்குள்ளயே இருக்கணுமா?

வேண்டியதில்லை. சுமத்ராவின் பாருசில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் ஒன்று. சீனத்துச் சுவான்சௌவில் 1281-ஐச் சேர்ந்த தமிழ், சீன இருமொழிக் கல்வெட்டு. இலங்கையில் பொலன்னறுவை வேளைக்காரர் (படைவீரர் குழு) கல்வெட்டு. வணிகக் குழுக்களைப் பற்றி எழுத நினைத்தால் கடலைத் தாண்டியே ஆக வேண்டும்.

வெளிநாட்டுல போஸ்ட்டாக் கிடைக்குமா?

கிடைக்கிறது. ஐரோப்பாவில் இப்போது தமிழ்க் கல்வெட்டும் சுவடியும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஆராய்ச்சிக் கழக நிதியில் 2019-இல் தொடங்கிய ‘தர்மா’ திட்டம் தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளைப் பதிப்பிக்க அமைந்தது. ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் சுவடிப் பண்பாட்டு ஆய்வு மையம் இருக்கிறது. மேரி கியூரி போஸ்ட்டாக் உதவிக்குப் பிஎச்.டி. முடிந்து எட்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; போக விரும்பும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அங்குள்ள பேராசிரியர் ஒருவர் சம்மதித்தால்தான் விண்ணப்பம் நகரும். அவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் வாழ்க்கைக் குறிப்பைவிட, நீங்கள் படித்துப் பதிப்பித்த ஒரு கல்வெட்டு அதிகம் பேசும்.

கணினி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்வெட்டுப் பாடத்தை எபிடாக் முறையில் எக்ஸ்எம்எல் கோப்பாக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சிதைந்த எழுத்து எது, பதிப்பாசிரியர் ஊகித்தது எது என்று குறித்துக்காட்டும் முறை அது. தர்மா போன்ற திட்டங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு மாதம் போதும். முன்னே சொன்ன பொறியியல் நண்பருக்கு ஒரு வாரம் போதும்.

வயசு 32 ஆச்சு. இதை நம்பி வந்தா வேலை கிடைக்குமா?

உறுதி கொடுக்க முடியாது. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது, அறிவிப்புகளுக்கு இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுவதுண்டு. மாநிலத் தொல்லியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி, மத்தியக் கல்வெட்டுத் துறையின் உயர் பணிகளுக்கு யுபிஎஸ்சி. நடுவில் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில் காத்திருப்பவர்கள் மிக அதிகம். குடும்பப் பொறுப்பு இருக்கிறதென்றால், பார்க்கும் வேலையை விடாமல் பகுதிநேர பிஎச்.டி.யில் சேருங்கள், 2022 விதிகள் அதை அனுமதிக்கின்றன, அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். வயதைப் பொறுத்தவரை, ஜேஆர்எஃபுக்குத்தான் வரம்பு. நெட் வழி உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது.

தமிழ்ல ஆய்வேடு எழுதினா யாராவது மதிப்பாங்களா?

மூலச் சான்று தமிழில் இருக்கும்போது தமிழில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு: கல்வெட்டின் சொல்லைப் பெயர்த்துச் சிதைக்காமல் அப்படியே வைத்து விவாதிக்கலாம். ஆனால் மேலே சொன்ன போஸ்ட்டாக் வழிக்கு குறைந்தது இரண்டு ஆங்கிலக் கட்டுரை வேண்டும். ஆய்வேட்டைத் தமிழில் எழுதி, முக்கிய அத்தியாயத்தை ஆங்கிலத்தில் கட்டுரையாக்குங்கள்.

அதற்கும் முன்னால், களத்தில் புதிதாக ஒரு கல்வெட்டு கிடைத்தால் பட்டம் வரும்வரை பூட்டிவைக்காதீர்கள். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ இதழை வெளியிட்டு வருகிறது, புதுக் கல்வெட்டுகளின் பாடங்கள் ஆண்டுதோறும் அதில் வருகின்றன. ஊர், வட்டம், இருக்கும் இடம், காலம், செய்தி, வரி வரியாகப் பாடம் என்று அந்த இதழின் ஒழுங்கிலேயே எழுதி அனுப்புங்கள்.